இன்னும் ஒரு குடம்

அந்தமான் தீவுகளைச் சுற்றிலும் நீர்தான். ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழையும் அங்கே பொழிகிறது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் அத்தீவுகளை நனைக்கின்றன. ஆயினும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட மாதங்களில் அங்கு வாழ்வோர் குடிநீரை எண்ணிக் கவலைப்பட நேர்கிறது. நிலம் சரிவு மிகுந்தது, ஓடைகள் சிறியவை, பெய்த மழை விரைந்து கடலைச் சேர்ந்துவிடுகிறது. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் நகரம் தனிக்காரி அணையின் நீரைப் பெரிதும் நம்பியிருக்கிறது. கோடையில் அணையின் நீர்மட்டம் தாழத் தாழ, குழாயில் நீர் வரும் நாட்களுக்கிடையே இடைவெளி நீள்கிறது.

அத்தீவுகளின் ஊர்ப்பெயர்களில் ஒன்று குட்வில் எஸ்டேட். ஆங்கிலேயர் காலத்துச் சாயல் கொண்ட அப்பெயரைத் தமிழில் 'நல்லெண்ணத் தோட்டம்' எனலாம். அப்படிப்பட்ட ஒரு தீவூரில் வாழும் இல்லத்தரசி ஒருத்தியை மனத்தால் கற்பித்துப் பார்க்கலாம். ஏப்ரல் மாதத்து ஒரு காலைப்பொழுது. அவள் வீட்டுத் திண்ணையில் ஆறு குடம் நீர் இருக்கிறது. அடுத்த முறை நீர் கிடைக்கும்வரை அதுவே இருப்பு.

முதற்குடம் குடிப்பதற்கு. இரண்டாவது சமைப்பதற்கு. மூன்றாவது குழந்தைகளைக் குளிப்பாட்டுவதற்கு. நான்காவது பாத்திரம் துலக்குவதற்கு. ஐந்தாவது துணிகளை அலசுவதற்கு. ஆறாவது, முற்றத்து மல்லிகைக்கும் வெற்றிலைக் கொடிக்கும். எந்தப் பல்கலைக்கழகத்திலும் பயிலாத அப்பெண், பொருளியல் அறிஞர்கள் நூறு ஆண்டு முயன்று கண்டறிந்த ஓர் உண்மையைத் தன் திண்ணையில் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறாள்.

நீரும் வைரமும்

ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் ஆடம் ஸ்மித், நாடுகளின் செல்வத்தைப் பற்றி 1776இல் வெளியிட்ட நூலில் ஒரு புதிரை எடுத்துக்காட்டினார். நீரைவிடப் பயனுள்ள பொருள் வேறில்லை. அதைக் கொடுத்து எதையும் வாங்க முடிவதில்லை. வைரத்தால் வாழ்க்கைக்கு ஆவது ஒன்றுமில்லை; அதைக் கொடுத்தால் ஏராளமான பொருள்களைப் பெறலாம். இஃது ஏன்?

விடை பிறக்க நெடுங்காலம் ஆயிற்று. 1854இல் ஹெர்மன் ஹைன்ரிக் கோசன் என்ற ஜெர்மானியர் அதற்கான வழியைத் தம் நூலில் காட்டினார். அந்நூல் மிகக் குறைவாகவே விற்றது. மனமுடைந்த அவர், விற்காத படிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1858இல் மறைந்தும் போனார். 1871இல் இங்கிலாந்தில் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸும், ஆஸ்திரியாவில் கார்ல் மெங்கரும், 1874இல் சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய லியோன் வால்ராவும் ஒருவரையொருவர் அறியாமலே அதே விடையைக் கண்டனர். பிற்பாடு கோசனின் நூல் கைக்குக் கிட்டியதும், தமக்கு முன்பே அவர் இதைச் சொல்லிவிட்டார் என்பதை ஜெவன்ஸ் தம் நூலின் மறுபதிப்பில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையும் நினைவில் கொள்ளத் தக்கது.

அவர்கள் கண்ட விடை இதுதான். மனிதன் 'நீர்' என்ற முழுப்பொருளையோ 'வைரம்' என்ற முழுப்பொருளையோ ஒருபோதும் தேர்ந்தெடுப்பதில்லை. அவன் முன் நிற்பது எப்போதும் 'இன்னும் ஒரு குடம்' அல்லது 'இன்னும் ஒரு கல்' என்ற கேள்வியே. நீர் மிகுந்திருக்கும் இடத்தில் அடுத்த குடத்துக்கு மதிப்பு மிகக் குறைவு, முதற்குடம் உயிருக்கு நிகரானதாக இருந்தாலும்கூட. பொருளின் மதிப்பை அதன் மொத்தப் பயன் தீர்மானிப்பதில்லை. கடைசியாகச் சேர்கின்ற ஓர் அலகின் பயனே தீர்மானிக்கிறது. பாடநூல்கள் இதனை இறுதிநிலைப் பயன்பாடு என்று குறிப்பிடுகின்றன. அலகுகள் கூடக் கூட அப்பயன் குறைந்துகொண்டே செல்லும் என்பது விதி.

மெங்கரின் வழிவந்த ஆஸ்திரிய அறிஞர் பொம் பாவெர்க் இதை விளக்க ஒரு குடியானவனைக் காட்டுவார். காட்டின் நடுவே தனித்து வாழும் அவனிடம் ஐந்து மூட்டைத் தானியம் உண்டு. ஒன்று உயிர் வாழ, ஒன்று உடல் வலிமை பெற, ஒன்று கோழிகளுக்கு, ஒன்று மது வடிக்க, ஒன்று அவன் விரும்பி வளர்க்கும் கிளிகளுக்கு. ஒரு மூட்டை தொலைந்துவிட்டால் அவன் எதை இழப்பான்? எல்லாத் தேவையிலும் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ள மாட்டான். கிளிகளை மட்டுமே கைவிடுவான். ஆகவே, ஐந்து மூட்டை இருக்கும்வரை ஒரு மூட்டையின் மதிப்பு கிளிகளின் மகிழ்ச்சியே. ஒரே ஒரு மூட்டை எஞ்சும்போது அதன் மதிப்பு அவனுடைய உயிர்.

தீவின் இல்லத்தரசிக்கும் கணக்கு இதுவே. ஆறு குடத்தில் ஒன்று கவிழ்ந்தால் மல்லிகை வாடும். ஒரே குடம் இருந்து அது கவிழ்ந்தால் வீடே தவிக்கும்.

இல்லறத்துக்கு ஓர் அளவுகோல்

இந்த அளவுகோலை அன்றாட வாழ்வில் பயன்படுத்தத் தெரிந்தவருக்கு மூன்று நன்மைகள் கிட்டுகின்றன.

முதலாவது, செலவைப் பங்கிடும் தெளிவு. மாதச் சம்பளத்தில் மளிகைக்கு இவ்வளவு, கல்விக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு என்று ஒதுக்கும்போது, 'எது முக்கியம்?' என்று கேட்டால் விடை கிடைக்காது, எல்லாமே முக்கியம். 'இந்த இடத்தில் இன்னும் நூறு ரூபாயைச் சேர்த்தால் என்ன கிடைக்கும்? அந்த நூறு ரூபாயை அந்த இடத்திலிருந்து எடுத்தால் எது போகும்?' என்று கேட்டால் விடை கண்முன் நிற்கும். எந்த இடத்தில் வைத்தாலும் கடைசி ரூபாய் ஏறத்தாழ ஒரே அளவு பயன் தருகிறது என்ற நிலை வரும்போது பங்கீடு செம்மையாகிறது. இரண்டு சட்டை வாங்கினால் மூன்றாவது இலவசம் என்ற விளம்பரத்தின் முன் நிற்பவர், மூன்று சட்டைகளின் மொத்த விலையில் மயங்காமல், இரண்டாவது சட்டை தமக்குத் தேவையா என்று கேட்டுக்கொண்டால் போதும்.

காலத்துக்கும் இது பொருந்தும். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் சென்றால் ஏறத்தாழ மூன்று நாள். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். கூடுதல் கட்டணத்தால் வாங்கப்படுவது அந்த மூன்று நாட்களே. அந்நாட்களில் கூலி ஈட்டக்கூடிய தொழிலாளிக்கும், விடுமுறையில் இருக்கும் மாணவனுக்கும் விடை ஒன்றாக இராது. நள்ளிரவு தாண்டியும் கண்விழித்துப் படிக்கும் பிள்ளை, அடுத்த ஒரு மணி நேரம் தனக்கு எவ்வளவு அறிவைத் தரும், நாளைய தெளிவில் எவ்வளவைப் பறிக்கும் என்று கேட்டால், பல வேளைகளில் விளக்கை அணைத்துவிடுவான்.

இரண்டாவது, கழிந்த செலவின் பிடியிலிருந்து விடுதலை. உடன்பிறந்தவரோடு நிலத்துக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடும் ஒருவர், 'இதுவரை இவ்வளவு செலவழித்தாயிற்றே, இனி எப்படி விடுவது?' என்கிறார். போன பணம் வழக்கில் வென்றாலும் தோற்றாலும் திரும்பப் போவதில்லை. எண்ணிப் பார்க்க வேண்டியது இனிச் செல்லப்போகும் பணத்தையும் காலத்தையும், அவற்றால் இனி விளையக்கூடியதையும் மட்டுமே. இந்த ஒரு தெளிவு எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றக்கூடியது.

மூன்றாவது நன்மை இவற்றினும் ஆழமானது. அளவுகோல் 'போதும்' என்ற சொல்லைக் கற்றுத் தருகிறது. மகாபாரதம் கூறும் யயாதி, தன் மூப்பை மகன் பூருவுக்குக் கொடுத்து, அவனுடைய இளமையைக் கடனாகப் பெற்று நெடுங்காலம் இன்பம் துய்த்தான். முடிவில் அவன் உணர்ந்தது, துய்ப்பதால் ஆசை அடங்குவதில்லை என்பதே. பொருளியல் விதியோ, துய்க்கத் துய்க்க அடுத்த அலகின் இன்பம் குறையும் என்கிறது. இரண்டும் முரண்படுவதாகத் தோன்றலாம். உண்மையில் முரண் இல்லை. இன்பம் குறைகிறது, ஆசை குறைவதில்லை. முன்பு கிடைத்த இன்பத்தின் நினைவை வைத்து அடுத்ததற்கு விலை மதிப்பது ஆசையின் இயல்பு. அடுத்தது உண்மையில் என்ன தருகிறது என்று நின்று பார்க்கச் சொல்வது அளவுகோல். அப்படிப் பார்ப்பவருக்குத் துறவு கடினமான கட்டளையாக இராது. பல வேளைகளில் அதுவே சரியான கணக்காக இருக்கும்.

இத்தனை நன்மை தரும் ஒரு கருவியை வாழ்க்கை முழுமைக்கும் வழிகாட்டியாகக் கொள்ளலாமா? இங்குதான் அறநூலின் கேள்வி எழுகிறது. 'அடுத்த ஒன்று' என்ற பார்வைக்கு மூன்று இயல்புகள் உண்டு. அது சிறிதாகவே பார்க்கிறது, தன்னிடத்திலிருந்தே பார்க்கிறது, முன்னோக்கியே பார்க்கிறது. இம்மூன்றிலும் அதன் வலிமையும் இருக்கிறது. அதன் எல்லையும் இருக்கிறது.

ஓர் இறகின் கனம்

திருவள்ளுவர் 'வலியறிதல்' என்ற அதிகாரத்தில் மயிலிறகு ஏற்றிய வண்டியை உவமையாகக் காட்டுகிறார். இறகு மெல்லியதுதான், ஆனால் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறிந்துவிடும். அடுத்த இறகின் கனம் என்ன என்று ஒவ்வொரு முறையும் கேட்டவனுக்கு, ஒவ்வொரு முறையும் கிடைத்த விடை 'ஒன்றுமில்லை' என்பதே. அவன் விடையில் பிழை இல்லை. அவன் கேட்ட கேள்வி போதவில்லை. அடுத்த ஒன்றைக் கேட்டவன் மொத்தத்தையும் ஒருமுறை கேட்டிருக்க வேண்டும்.

அந்தமான் தீவுகளிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. அங்கு வீடும் சாலையும் கட்ட மணல் வேண்டும். ஆற்று மணல் இல்லாத தீவுகளில் கடற்கரையே மணற்கிடங்காயிற்று. ஒரு வண்டி மணலை அள்ளுவதால் கடற்கரை அழிந்துவிடுமா? அள்ளியவருக்கு வீடு உயர்ந்தது. கரையில் குழி தெரியவில்லை. அடுத்தவரும் அப்படியே எண்ணினார். ஆயிரம் வண்டிகளுக்குப் பின் அலைகள் கரையைத் தின்னத் தொடங்கின. தீவுகளின் காடுகளையும் கரைகளையும் ஆராய உச்ச நீதிமன்றம் அமர்த்திய சேகர் சிங் குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்து, கடற்கரை மணல் எடுப்பதைப் படிப்படியாகக் குறைக்குமாறு அந்நீதிமன்றம் 2002இல் ஆணையிட்டது. ஒவ்வொருவரின் கணக்கும் தனித்தனியே சரியாக இருந்தது. எல்லோருடைய கணக்கும் சேர்ந்தபோது தவறாயிற்று.

உடலுக்கும் இது பொருந்தும்; உள்ளத்துக்கும் பொருந்தும். ஒரு நாள் தவறிய தியானம், ஒரு வேளை மிகுந்த உணவு, ஒரு சிறு கடன் எதுவும் எவரையும் வீழ்த்துவதில்லை. வீழ்ந்தவர் எவரும் ஒரே நாளில் வீழவும் இல்லை. ஆகவே, அடுத்த ஒன்றை அளக்கும் பழக்கத்தோடு, ஆண்டுக்கொரு முறையேனும் வண்டியின் முழுச் சுமையையும் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

யாருடைய குடம்?

இரண்டாவது எல்லை, அளப்பவன் தன்னிடத்திலிருந்தே அளக்கிறான் என்பது. இல்லத்தரசியின் ஆறாவது குடம் மல்லிகைக்கு உரியது. அடுத்த வீட்டில் காய்ச்சலோடு ஒரு குழந்தை இருக்கிறது. அவர்கள் வீட்டுக் குடங்கள் வற்றிவிட்டன. அந்த நீர் திண்ணையில் இருக்கும்வரை அதன் மதிப்பு நான்கு பூக்கள். வேலியைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் நுழைந்தவுடன் அதன் மதிப்பு முதற்குடத்தின் மதிப்பு. நீர் மாறவில்லை, இடம் மாறியது.

பொருளியல் அறிஞர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். 1890இல் வெளியான தம் நூலில் ஆல்ஃபிரட் மார்ஷல் ஓர் எளிய எடுத்துக்காட்டைத் தருகிறார். ஆண்டுக்கு 100 பவுண்டு வருவாய் உள்ள எழுத்தர், 300 பவுண்டு வருவாய் உள்ள எழுத்தரைவிடப் பலத்த மழையிலும் நடந்தே அலுவலகம் செல்வார். வண்டிக்கூலி இருவருக்கும் ஒன்றே. அதன் கனம் ஒன்றன்று. அவருடைய மாணவர் பிகூ 1920இல் இதை மேலும் நீட்டித்தார். செல்வந்தரிடமிருந்து வறியவரிடம் செல்லும் வருவாய், மொத்த நலத்தைக் கூட்டும் என்றார்.

1932இல் லயனல் ராபின்ஸ் ஒரு மறுப்பை எழுப்பினார். ஒருவர் மனத்தின் நிறைவை இன்னொருவர் மனத்தின் நிறைவோடு ஒப்பிட எந்தக் கருவியும் இல்லை. எனவே அத்தகைய ஒப்பீட்டை அறிவியல் முடிவாகக் கூற முடியாது என்றார். தர்க்கப்படி இதில் வலிமை உண்டு. ஒருவரின் பசியை இன்னொருவர் தராசில் நிறுத்திக் காட்ட இயலாதுதான். ஆனால் காய்ச்சல் கண்ட குழந்தையையும் வாடும் மல்லிகையையும் ஒருசேரக் காணும் பெண், கருவி இல்லை என்று காத்திருக்க மாட்டாள். அறிவியல் மௌனமாகும் இடத்தில் அறம் மௌனமாகத் தேவையில்லை. பிறர் நோயைத் தன் நோய்போல் உணர்வதே அவளுக்கு வாய்த்த கருவி.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, அந்தமான் நிகோபார் தீவுகளின் பல இடங்களில் கடல்நீர் கிணறுகளுக்குள் புகுந்தது. நேற்றுவரை விலையற்றிருந்த நன்னீர் ஒரே காலையில் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அத்தகைய நேரங்களில் பொருளின் இறுதிநிலை மதிப்பு வானளவு உயர்கிறது என்று அளவுகோல் சரியாகவே சொல்லும். அந்த உயர்ந்த மதிப்பைக் கண்டு ஒருவன் விலையை ஏற்றலாம். இன்னொருவன் அதே மதிப்பைக் கண்டு தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். அளவுகோல் இருவருக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டியது. அந்த எண்ணை எதற்குப் பயன்படுத்துவது என்பதை அது சொல்லவில்லை.

கொடுத்த வாக்கு

மூன்றாவது எல்லையே மிக நுட்பமானது. இந்த அளவுகோலுக்கு முதுகுப்புறத்தில் கண் இல்லை. கழிந்ததைக் கணக்கில் கொள்ளாதே என்பது அதன் முதற்பாடம். பணத்துக்கு அது நல்ல பாடம். ஆனால் மனித வாழ்வின் உயர்ந்தவை பலவும் கழிந்த காலத்திலேயே வேர்கொண்டிருக்கின்றன. நன்றியுணர்வு என்பது நேற்றுப் பெற்றதை இன்று நினைப்பது. வாக்குத் தவறாமை என்பது நேற்றுச் சொன்னதை இன்று காப்பது. முதுமையுற்ற தந்தையால் இனி என்ன பயன் என்று அடுத்த ஓராண்டை மட்டும் வைத்துக் கணக்கிடும் மகனின் கூட்டல் கழித்தலில் பிழை இராது. ஆனால் அவனிடம் ஒரு மகன் இருக்க மாட்டான்.

காந்தியடிகளின் இளமை வாழ்வில் இரண்டும் அருகருகே நிற்பதைக் காணலாம். 1888இல் சட்டம் பயில லண்டன் சென்ற அவர், செலவழித்த ஒவ்வொரு காசையும் கணக்கெழுதி வைத்தார். ஒரு கட்டத்தில் செலவைப் பாதியாகக் குறைக்க முடிவு செய்தார். குடும்பம் ஒன்றோடு தங்கியிருந்ததை விட்டுத் தனி அறை எடுத்தார். செல்ல வேண்டிய இடங்களுக்கு நடந்தே செல்லும் தொலைவில் அறை பார்த்தார். வண்டிக்கூலி மிஞ்சியது, உடலும் வலுப்பெற்றது. பின்னர் இரண்டு அறையை ஒன்றாக்கி, காலை உணவைத் தாமே சமைத்துக்கொண்டார். எதை விட்டால் எவ்வளவு மிஞ்சும், என்ன போகும் என்று ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்த அந்த இளைஞரைவிட இறுதிநிலைப் பகுப்பாய்வை நன்கு அறிந்தவர் இருக்க முடியாது.

அதே இளைஞர், புலால் உண்பதில்லை என்று புறப்படும்முன் தாயிடம் வாக்குக் கொடுத்திருந்தார். லண்டனின் குளிரில், புலால் உண்ணாமல் அவர் மெலிவதைக் கண்டு வருந்திய நண்பர் ஒருவர், அவர் மனத்தை மாற்ற ஒரு நாள் ஜெரமி பெந்தாமின் பயன் கோட்பாட்டைப் படித்துக் காட்டினார். இன்பத்தையும் துன்பத்தையும் கூட்டிக் கழித்து எது சரி என்று முடிவு செய்யலாம் என்ற அந்தச் சிந்தனையிலிருந்துதான் பிற்காலப் பயன்பாட்டுப் பொருளியல் கிளைத்தது. புலால் தேவைதான் என்பதை அன்றைய காந்தி மறுக்கவில்லை. வாதத்தில் வெல்லவும் முயலவில்லை. இந்த நுட்பங்கள் தமக்குப் புரிபவையல்ல, ஆயினும் கொடுத்த வாக்கை மீற முடியாது என்ற பொருளில் விடை கூறி, தம்மை மன்னிக்குமாறு வேண்டிக்கொண்டார்.

இங்கே நண்பர் கேட்டது 'இன்று ஒரு வேளை உண்டால் என்ன?' என்ற அடுத்த ஒன்றின் கேள்வி. அந்தக் கேள்விக்குள் நுழைந்துவிட்டால் வாக்கு ஒவ்வொரு வேளையும் தோற்கும். வாக்கை மீறாதிருப்பதன் துன்பம் ஒவ்வொரு வேளையும் கண்முன் நிற்கிறது. ஒருமுறை மீறுவதன் இழப்போ கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிதாகத் தோன்றுகிறது, மயிலிறகைப் போல. வாக்கை அலகு அலகாக அளக்க முடியாது. தொண்ணூறு விழுக்காடு காக்கப்பட்ட வாக்கு என்று ஒன்று இல்லை. பானையில் ஒரே ஓட்டைதான் இருக்கிறது என்பதால் அது நீரைத் தாங்குவதில்லை.

ஆயின், சூழ்நிலை எவ்வளவு மாறினாலும் வாக்கையே பிடித்துக்கொண்டிருப்பது பிடிவாதம் ஆகாதா என்று கேட்கலாம். இதுவும் காந்தியடிகளின் வாழ்விலேயே எழுந்தது. பால் அருந்துவதில்லை என்று பிற்காலத்தில் நோன்பு பூண்டிருந்த அவர், 1918இல் கடுமையாக நோயுற்றார். உடல் தேற வழியில்லாத நிலையில், அவர் விலக்கியது பசு, எருமைப் பாலைத்தானே, ஆட்டுப்பாலில் என்ன தடை என்று கஸ்தூரிபா எடுத்துக்காட்டினார். காந்தியடிகள் இணங்கினார். ஆனால் அதைச் சரியான முடிவு என்று அவர் பெருமை கொள்ளவில்லை. நோன்பு பூண்டபோது பசு, எருமைப் பாலை மட்டுமே மனத்தில் கொண்டிருந்தாலும் அந்நோன்பு இயல்பாகவே எல்லாப் பாலையும் உள்ளடக்கியதாகவும், சொல்லைக் காத்துப் பொருளை இழந்ததாகவும், அந்த நினைவு தம்மை உறுத்துவதாகவும் 'சத்திய சோதனை'யில் எழுதினார். நாட்டுப்பணி ஆற்ற உயிரோடு இருக்க வேண்டும் என்ற விருப்பம் தம்மை வென்றது என்பதை அவர் மறைக்கவில்லை.

இதிலிருந்து ஒரு தெளிவு பிறக்கிறது. வாக்கு ஒருபோதும் வளையாது என்று உலகில் எவராலும் உறுதி கூற இயலாது. ஆனால் வளைந்தபோது அதைக் கணக்கின் வெற்றியாகக் கொண்டாடுபவர் வேறு. இழப்பாக உணர்பவர் வேறு. முன்னவருக்கு அடுத்த வாக்கு இன்னும் எளிதாக வளையும். பின்னவருக்கு அடுத்த வாக்கு இன்னும் கவனத்தோடு பிறக்கும். நிறுத்துப் பார்க்க வேண்டிய காலம் வாக்குக் கொடுப்பதற்கு முன்னர். என்னால் இது தாங்குமா, எத்தனை நாள் தாங்கும், இதனால் எதை விட வேண்டிவரும் என்று அப்போது கேட்கலாம், கேட்கவும் வேண்டும். கொடுத்த பின்னர் தராசைக் கீழே வைத்துவிடுவதே முறை.

திண்ணையில் தராசு

மீண்டும் அந்தத் தீவின் திண்ணைக்கு வரலாம். கோடை தொடங்கும்போது இல்லத்தரசி, அடுத்த தெருவில் தனியே வாழும் ஒரு மூதாட்டிக்கு ஒரு சொல் கொடுத்திருந்தாள் என்று கொள்ளலாம். "கவலைப்படாதீங்க பாட்டி, மழை வரும்வரை உங்களுக்கு ஒரு குடம் நான் கொண்டுவந்து வைக்கிறேன்." அப்போது அவளிடம் ஆறு குடம். எளிதில் கொடுத்த சொல்; மல்லிகையின் பங்கைத்தான் அது கேட்டது. நாட்கள் செல்லச் செல்ல நீர் குறைந்தது. இன்று திண்ணையில் இருப்பவை மூன்று.

அளவுகோல் தன் கடமையைச் செய்யும். இன்று ஒரு குடம் போனால் போவது மல்லிகை அன்று, குழந்தைகளின் குளியல் என்று அது அவளுக்கு உண்மையைச் சொல்லும். அந்த உண்மையை அவள் அறிந்துகொள்வது நல்லது. தான் எதைக் கொடுக்கிறோம் என்று அறியாமல் கொடுப்பது கொடையாகாது. அவள் குழந்தைகளை ஈரத்துணியால் துடைத்துவிட எண்ணலாம். இரண்டு நாள் துணி துவைப்பதைத் தள்ளிப்போடலாம். எஞ்சிய இரண்டு குடத்தை எப்படிச் செலவிடுவது என்பதில் அவளுடைய முழுக் கணக்கறிவும் துணைநிற்கும். ஆனால் மூன்றாவது குடத்தைக் கொண்டுபோய் வைப்பதா வேண்டாமா என்பதை அந்தக் கணக்கு முடிவு செய்யாது. அது கோடையின் தொடக்கத்திலேயே முடிவாகிவிட்டது.

பொருளை அளக்க அடுத்த ஒன்றைக் கேட்பது அறிவு. சுமையை அளக்க மொத்தத்தைக் கேட்பது விவேகம். கொடையை அளக்கப் பெறுபவரின் வாசலிலிருந்து பார்ப்பது அன்பு. வாக்கை அளக்காதிருப்பது அறம். இந்நான்கையும் இடமறிந்து பயன்படுத்துபவருக்கு வீட்டுக் கணக்கேடும் சாதனைக்கு உரிய கருவியாகும்.

வணிகர்கள் தம் கணக்கேட்டில், கண்ணால் காண முடியாத ஒரு சொத்தை நன்மதிப்பு என்ற பெயரில் எழுதுவதுண்டு. ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் குட்வில். எந்த ஒரு நாளின் விற்பனையாலும் அது உண்டாவதில்லை; நெடுநாள் காத்த சொற்களால் உண்டாவது. கடல் நடுவே ஓர் ஊர் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. பாட்டியின் வாசலில் மழை வரும்வரை நாள்தோறும் வைக்கப்படும் ஒரு குடம் நீர், எந்த ஊரையும் அப்பெயருக்கு உரியதாக்கும்.